"துறவிகளுக்கு ஊரடங்கு என்ன புதுசா?" – 2020-21 பனிக்காலத்தை ஒரு மடத்துக்குள் கழித்தவன் எழுதுகிறேன்

#1 பனிக்கூரை

வேறொரு இழையில் ஒருவர் போகிற போக்கில், "துறவிகளுக்கு என்ன, அவர்கள் எப்போதுமே ஊரடங்கில்தானே இருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் போட்டால் பேச்சு திசை மாறிவிடும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

2020 அக்டோபர் கடைசியில் கத்தோலிக்கரான பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் ஒன்றுக்கு உதவியாளாகப் போனேன். நான் துறவி இல்லை, துறவியாகும் எண்ணமும் கிடையாது. தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள், ஈடாக வேலை செய்ய வேண்டும். மூன்று மாதம் என்று போனவன், வாசலை அடைத்துவிட்டதால் ஏப்ரல் 4 ஈஸ்டர் முடிந்துதான் வெளியே வந்தேன். மடத்தின் பெயரும் ஊரும் வேண்டாம். தங்களைப் பற்றி எழுதச் சொல்லி அவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை. பனி கொட்டுகிற இடம், கல் கட்டடம், 23 துறவிகள், அதில் 9 பேர் 80 வயதைத் தாண்டியவர்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

தனிமையில் கைதேர்ந்தவர்கள், இவர்களிடம் நாலு விஷயம் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் நானும் போனேன். ஒரே வாரத்தில் அது உடைந்தது. அந்த மனிதர்கள் தனியாக இருப்பதே இல்லை!

காலை 4.50க்கு முதல் மணி. 5.10க்கு விழிப்பு வழிபாடு. அப்புறம் காலைப் புகழ், திருப்பலி, நண்பகல் செபம், மாலைப் புகழ், இரவு செபம். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் கோவிலில் கூட வேண்டும். இருக்கைகள் எதிரெதிராகப் போட்டிருக்கும். இந்தப் பக்கம் விவிலியத்துத் திருப்பாடலின் (சங்கீதத்தின்) ஓர் அடியைப் பாடினால் அந்தப் பக்கம் அடுத்த அடி. இரண்டு வரிசை மனிதர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, வாயை நன்றாகத் திறந்து, மூச்சை இழுத்து விட்டு, நாளுக்கு மூன்றரை மணி நேரம். அதற்கப்புறம் ஒரே உணவறை, கைமாறிக் கைமாறி வரும் ஒரே பாத்திரம், ஒரே சலவை அறை, முன்னிரவில் அரை மணி எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரே கூடம்.

கொரோனா எப்படிப் பரவுகிறது என்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இதைவிட வசதியாக ஒரு வீட்டைக் கட்டியிருக்க முடியாது.

#2 சந்தேகப்பிராணி

நல்ல பதிவு, ஆனால் கொஞ்சம் பொறுங்கள். ஆளுக்கு ஓர் அறை, சுற்றிலும் தோட்டம், வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, வாடகை இல்லை. ஓர் அறை வீட்டில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஊரடங்கைக் கழித்தவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்? "ஐயோ பாவம், சேர்ந்து பாட முடியவில்லையாம்" என்றுதானே?

#3 இரவுப்பணி

சந்தேகப்பிராணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வயதானவர்கள் கூட்டாக வாழும் இடத்தில் இந்த நோய் என்ன செய்தது என்பதை நான் செவிலியாகப் பக்கத்திலிருந்து பார்த்தவள். மடங்கள், முக்கியமாக ஓய்வுபெற்ற சகோதரிகள் இருக்கும் மடங்கள், பெயரளவில்தான் மடம். உடலளவில் அவை முதியோர் இல்லங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகனில் லிவோனியா என்ற இடத்தில் ஃபெலிசியன் சகோதரிகளின் மடம் இருக்கிறது. அங்கே 2020 ஏப்ரல் 10, அதாவது புனித வெள்ளி, முதல் மரணம். மே 10க்குள் 12 பேர். ஜூனில் 13ஆவது சகோதரி. ஆசிரியர், நூலகர், செவிலி என்று ஆயுள் முழுக்க ஒன்றாக உழைத்தவர்கள். டிசம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தின் எல்ம் குரோவில் இன்னொரு சபையின் ஓய்வு இல்லத்தில் ஒரே வாரத்தில் 8 சகோதரிகள் போனார்கள். தோட்டம் இருந்தது, தனி அறையும் இருந்தது. ஒன்றும் காப்பாற்றவில்லை.

#4 பனிக்கூரை

சந்தேகப்பிராணி, உங்கள் கேள்வியை மறுக்க மாட்டேன். சாப்பாட்டுக்குக் கவலை இல்லாத இடத்தில்தான் நான் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தேன். இவர்களைப் பார்த்து இரக்கப்படச் சொல்லவில்லை. "அவர்களுக்குப் பழக்கம்தானே" என்ற பேச்சு தப்பு என்பது மட்டும்தான் என் வாதம்.

பாட்டு விஷயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உள்ளே நடந்த ஒரே பெரிய சண்டை அதுதான்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சகோதரர் இருப்பார், நோயறைச் சகோதரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் நவம்பர் நடுவில் ஓர் அறிக்கையை அச்செடுத்து மடத்தலைவர் மேசையில் வைத்தார். வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு 2020 மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். நோய் உறுதியானவர்களும் சந்தேகத்துக்குரியவர்களுமாக 53 பேர், இறந்தவர்கள் 2 பேர். "நாம் இதை ஒரு நாள் விடாமல் செய்கிறோம்" என்று அடியில் பென்சிலால் எழுதியிருந்தார்.

பாடல் தலைவர் பொங்கிவிட்டார். பாடுவதற்காகத்தான் இங்கே வந்தோம், அதை நிறுத்திவிட்டு உயிரோடு இருந்து என்ன செய்யப்போகிறோம் என்பது அவர் கட்சி. சும்மா உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறவர் இல்லை அவர். துறவிகள் எப்படி வாழ வேண்டும் என்று புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

#5 பழைய ஏடு

43ஆம் அதிகாரத்தைக் காட்டியிருப்பார், சரியா? "இறைப்பணிக்கு மேலாக எதையும் வைக்கக் கூடாது." பெனடிக்ட் இறைப்பணி என்று சொல்வது இந்தக் கூட்டு வழிபாட்டைத்தான். நோயறைச் சகோதரர் 36ஐத் திருப்பிக் காட்டியிருப்பார். "எல்லாவற்றுக்கும் முன்னதாக, எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளிகளைக் கவனிக்க வேண்டும்." ஒரே நூல், ஒரே ஆசிரியர், இரண்டு 'எல்லாவற்றுக்கும் மேலாக'.

6ஆம் நூற்றாண்டில் மான்டே கசினோவில் எழுதியது, மொத்தம் 73 அதிகாரங்கள், சின்னப் புத்தகம். ஆசீர்வாதப்பர் என்று நம் பழைய செபப் புத்தகங்களில் வருகிறவர் இவர்தான். நோயாளிகளுக்குத் தனி அறை ஒதுக்கு, அக்கறையுள்ள ஒருவரைப் பணிவிடைக்கு வை, குளிக்க வசதி செய், உடம்பு தேற இறைச்சி கொடு என்றெல்லாம் 36இல் சொல்லிவிட்டு, பணிவிடை செய்பவரை நோயாளி அளவுக்கு மீறித் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் ஒரு வரி போட்டிருப்பார். ஆள் அனுபவஸ்தர்.

#6 பனிக்கூரை

பழைய ஏடு, அந்தக் கூட்டத்தில் நீங்களும் உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கிறது. அப்படியேதான் நடந்தது. இருவரும் வசனம் வசனமாக எடுத்துப் போட, மற்றவர்கள் டென்னிஸ் பார்ப்பதுபோல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கும் நவம்பர் 29க்கு முதல் நாள் மடத்தலைவர் முடிவைச் சொன்னார். நான்கு பேர் மட்டும் பாடுவது. அவர்களும் ஒரே பக்கம் பார்த்து நின்று, தாழ்ந்த குரலில், ராகம் இல்லாமல் ஒரே சுருதியில். மற்றவர்கள் முகக்கவசத்தோடு கோவில் முழுக்கப் பரவி நின்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது. மேற்கு வாசல் திறந்தே இருக்கும்.

இந்தக் கடைசி வரியைப் பனிக்காலத்தில் படித்துப் பாருங்கள். கல் கோவில். உள்ளே இருக்கும் கொஞ்ச நஞ்சச் சூட்டையும் காற்றோட்டத்துக்காக வெளியே விட வேண்டும். 85 வயதுக்காரருக்குத் தொற்றும் ஆகாது, குளிரும் ஆகாது. எது முதலில் கொல்லும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போர்வையை அங்கிக்கு மேல் போட்டுக்கொண்டு நின்றார்கள். முகக்கவசத்துக்குள் விட்ட மூச்சில் கண்ணாடி மூடிப்போய், திருப்பாடல் புத்தகத்தை யாராலும் படிக்க முடியவில்லை. அது ஒரு பிரச்சினையாகவே இல்லை, எல்லாருக்கும் மனப்பாடம்.

வாசல் பக்கம் இருந்த தீர்த்தத் தொட்டியை வசந்த காலத்திலேயே காலி செய்துவிட்டார்களாம். ஒரு பெரியவர் நான் இருந்த ஐந்து மாதமும் அந்தக் காய்ந்த தொட்டியில் விரலை வைத்து, காய்ந்த விரலால் சிலுவை போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். கை பழகிவிட்டது.

#7 வாய்ப்பாடு

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். உணவறையில் என்ன செய்தார்கள்? முகக்கவசம் போட்டுக்கொண்டு சாப்பிட முடியாதே.

#8 பனிக்கூரை

அங்கேதான் பழைய ஒழுங்கு அவர்களுக்குக் கை கொடுத்தது. துறவிகள் சாப்பிடும்போது பேசுவதில்லை. ஒருவர் மட்டும் மேடையில் நின்று ஏதாவது புத்தகத்தை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். மேசைகளும் சுவரோரமாகத்தான் கிடக்கும், எதிரே ஆள் உட்கார்வதில்லை. சத்தமாகப் பேசினால் அதிகம் பரவும் என்று உலகம் 2020இல் கற்றுக்கொண்டிருந்தபோது இவர்கள் ஏற்கெனவே வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நோயறைச் சகோதரர் உணவறையைப் பற்றி மட்டும் குறை சொல்லவே இல்லை. வாசிப்பவரைப் பக்கத்து அறைக்கு மாற்றி ஒலிபெருக்கி வைத்தார், அவ்வளவுதான். பாத்திரத்தைக் கைமாற்றுவதற்குப் பதில் ஒருவரே பரிமாறினார்.

முன்னிரவில் கூடிப் பேசும் அரை மணியை முழுதாக நிறுத்தினார்கள். நான் பார்த்தவரை, பாட்டை இழந்ததைவிட இதுதான் அவர்களை அதிகம் வாட்டியது. யாரும் வெளியில் சொல்லவில்லை.

#9 மலைத்தேன்

ஒரு சின்ன மறுப்பு. "துறவிகள் தனியாக இருப்பதே இல்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கர்த்தூசியர்களை மறந்துவிட்டீர்கள். 1084இல் புனித புரூனோ பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் தொடங்கிய சபை, கிராண்ட் சார்த்ரூஸ் அவர்கள் தலைமடம். ஒவ்வொரு துறவிக்கும் தனியாக ஒரு குட்டி வீடு, பின்னால் மதில் சூழ்ந்த ஒரு துண்டுத் தோட்டம், விறகடுப்பு. சாப்பாடு சுவரிலுள்ள ஒரு சின்னத் திறப்பு வழியாக வரும், கொண்டுவருபவரைப் பார்க்கக்கூட வேண்டாம். தொடர்பில்லா விநியோகம் என்று 2020இல் பெருமையாகச் சொன்னார்களே, அதை 900 வருஷத்துக்கு முன்பே செய்தவர்கள்.

#10 பனிக்கூரை

ஒத்துக்கொள்கிறேன். "பெனடிக்ட் ஒழுங்கில் வாழ்பவர்கள்" என்று எழுதியிருக்க வேண்டும். ஆனாலும் கர்த்தூசியர்களும் நள்ளிரவு வழிபாட்டுக்குக் கோவிலில் கூடுகிறார்கள், வாரம் ஒரு நாள் சேர்ந்து நீண்ட நடை போகிறார்கள், அன்றைக்குப் பேச்சும் உண்டு. முழுத் தனிமை அங்கேயும் இல்லை.

#11 பழைய ஏடு

இழையின் தலைப்புக்கே வருகிறேன். பெனடிக்டின் நூலில் தனிமை எந்த இடத்தில் வருகிறது தெரியுமா? 23 முதல் 30 வரையிலான அதிகாரங்களில், தண்டனைப் பகுதியில்.

சின்னத் தப்பு செய்தவன் பொது மேசையில் உட்காரக் கூடாது. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாகச் சாப்பிட வேண்டும். கோவிலில் பாடலை எடுத்துக்கொடுக்கவும் கூடாது. பெரிய தப்பு என்றால் மேசையும் இல்லை, கோவிலும் இல்லை, யாரும் அவனோடு பேசவும் கூடாது, தனியாகவே வேலை செய்ய வேண்டும்.

இப்போது தனிமைப்படுத்தல் விதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தட்டு வாசலுக்கு வரும். கோவிலுக்குப் போகக் கூடாது. யாரோடும் பேசக் கூடாது. ஒரு குடும்பஸ்தனுக்கு அது 14 நாள் அசௌகரியம். ஐம்பது வருஷம் இந்த நூலை தினம் ஒரு பகுதியாகக் காதில் கேட்டு வந்த கிழவருக்கு அது வேறு மொழியில் பேசும்.

#12 பனிக்கூரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். பழைய ஏடு இந்த இடத்தைத் தொட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் நோய் உள்ளே வந்தது. யார் கொண்டுவந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது என்று மடத்தலைவர் முதல் நாளே சொல்லிவிட்டார். மொத்தம் 11 பேருக்குத் தொற்று. நோயறை இருந்த மாடி முழுவதும் அடைக்கப்பட்டது. எனக்குச் சாப்பாடு கொண்டுபோய் ஒவ்வொரு கதவுக்கும் வெளியே வைக்கும் வேலை.

அங்கே ஒரு பெரியவர், 88 வயது. 60 வருஷத்துக்கு மேல் மடத்தில் இருப்பவர். நினைவு தப்பிப்போனவர். காலையில் சாப்பிட்டாரா என்று தெரியாது, என் பெயர் ஒரு நாளும் நினைவில் நிற்காது. ஆனால் மணி அடித்தால் எழுந்துவிடுவார். இருட்டில் அங்கியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து கோவிலை நோக்கி நடக்கத் தொடங்குவார். அவருக்கும் தொற்று, ஆனால் காய்ச்சல் லேசு, கால் நன்றாக நடக்கிறது. நாளுக்கு ஆறு முறை அவரைத் திருப்பி அழைத்து வர வேண்டும்.

கதவை வெளியே பூட்டலாமா என்று பேச்சு வந்தது. நோயறைச் சகோதரர் ஒத்துக்கொள்ளவில்லை. மணியை நிறுத்தலாமா என்றால், அதைக் கேட்டுத்தான் மற்ற அறைகளில் கிடப்பவர்கள் நேரம் அறிந்து செபிக்கிறார்கள்.

மூன்றாம் நாள் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் என்ன தப்பு செய்தேன்?" உடம்பு சரியில்லை ஐயா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். மேசைக்கு வரவிடவில்லை, கோவிலுக்கு வரவிடவில்லை, அப்படியென்றால் ஏதோ தப்பு செய்திருக்கிறேன், நினைவுதான் இல்லை, என்ன என்று சொன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். அவருக்கு எது மறந்தாலும் அந்த நூல் மறக்கவில்லை.

அன்று மாலை இதை நோயறைச் சகோதரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கீழே போனார். மறுநாள் முதல் மணிக்குப் பாடல் தலைவர் வந்தார். ஆமாம், சண்டை போட்ட அதே பாடல் தலைவர். அவருக்கு முந்தின வாரமே நோய் வந்து போய்விட்டது. பெரியவரின் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்தினார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டாம் அடி வந்தது.

ஒன்பது நாள் இப்படி, நாளுக்கு ஆறு முறை. பெரியவர் அதற்குப் பின் கதவைத் திறக்கவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அவர் கோவிலில்தான் இருந்தார்.

#13 சந்தேகப்பிராணி

சரி. என் முதல் பதிவின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். மற்றது அப்படியே இருக்கட்டும்.

#14 பழைய ஏடு

பனிக்கூரை, பாடல் தலைவர் செய்ததற்கும் நூலில் இடம் இருக்கிறது. 27ஆம் அதிகாரம். விலக்கி வைக்கப்பட்டவன் துக்கத்தில் மூழ்கிவிடாதபடி, அனுபவமுள்ள மூத்த சகோதரர்களை மடத்தலைவர் ரகசியமாக அனுப்பி ஆறுதல் சொல்லச் சொல்ல வேண்டும்.

#15 இரவுப்பணி

கண் கலங்கிவிட்டது, அதனால் தொழில் பேச்சுக்கு மாறுகிறேன். அந்த மாடியில் ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவி) வைத்துத்தானே பார்த்திருப்பீர்கள்? குளிர் அறையில் அது சரியாகக் காட்டியதா?

#16 பனிக்கூரை

காட்டவில்லை! முதல் நாள் இரவு ஒருவருக்கு 81 காட்டி எல்லாரையும் பதற வைத்தது. அவரோ கட்டிலில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

#17 இரவுப்பணி

அதேதான். விரல் சில்லென்று இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து கருவி தப்பாகக் காட்டும், சில நேரம் எண்ணே வராது. கையை நன்றாகத் தேய்த்தோ வெந்நீர்ப் பையைப் பிடிக்கவைத்தோ சூடாக்கிவிட்டு, கை அசையாமல் வைத்து, எண் நிலைக்கும்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் குளிர்தான் காரணம் என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. ஆக்ஸிஜன் குறைந்தும் மூச்சுத் திணறல் தெரியாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளிகள் இந்த நோயில் உண்டு. சூடாக்கிய பிறகும் எண் குறைவாக இருந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

#18 பனிக்கூரை

அதே பாடத்தை நாங்களும் கற்றோம். அதற்குப்பின் ஆளுக்கொரு கம்பளிக் கையுறை, அளப்பதற்கு முன் பத்து நிமிடம் போட்டுக்கொள்ள.

இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் மருத்துவமனையில். அதைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். வழக்கமாக ஒரு துறவி இறந்தால் சகோதரர்களே குளிப்பாட்டி, அங்கி போட்டு, கோவிலில் வைத்து, அடக்கம்வரை இரவும் பகலும் ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பாடல் வாசிப்பார்கள். இந்த முறை மூடிய பெட்டி நேராகக் கல்லறைக்கு வந்தது. பெட்டி வராத அந்த இரவும் கோவிலில் வாசித்தார்கள், நடுவில் மெழுகுவர்த்தி மட்டும் வைத்து. நிலம் உறைந்து கிடந்ததால் குழிக்குச் சிறிய இயந்திரம் கொண்டுவர வேண்டியிருந்தது.

#19 வாய்ப்பாடு

பழைய காலத்துக் கொள்ளைநோயில் மடங்கள் என்ன செய்தன என்று யாராவது சொல்லுங்களேன்.

#20 பழைய ஏடு

பெரிய விஷயம், இரண்டு மட்டும் சொல்கிறேன். 1348இல் கறுப்பு மரணம் வந்தபோது இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் தம்பி கெரார்தோ பிரான்ஸின் மோன்ட்ரியூ மடத்தில் கர்த்தூசியத் துறவி. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறக்க, அவர்தான் எல்லாரையும் புதைத்தார். கடைசியில் அவரும் ஒரு நாயும்தான் மிச்சம். தனித்தனி வீடுகள்கூட அன்று காப்பாற்றவில்லை, மலைத்தேன் கவனிக்க.

இரண்டாவது அயர்லாந்தின் கில்கென்னியில் ஜான் கிளின் என்ற பிரான்சிஸ்கன் சகோதரர். ஊரே சாவதைப் பதிவு செய்துகொண்டே வந்தவர், தனக்குப் பின் யாராவது பிழைத்தால் தொடர்ந்து எழுதட்டும் என்று வெற்றுத் தோல்தாளைச் சேர்த்து வைக்கிறேன் என்று 1349 வாக்கில் எழுதினார். கொஞ்ச காலத்திலேயே அவர் குறிப்புகள் நின்றுபோகின்றன.

#21 மலைத்தேன்

வருமானம்? விருந்தினர் இல்லம் மூடியிருக்கும், கடையும் மூடியிருக்கும். மடங்கள் பெரும்பாலும் சொந்த உழைப்பில்தான் வாழ்கின்றன. பிரான்ஸின் சீத்தோ மடத்தில் உணவகங்கள் மூடியதால் பாலாடைக்கட்டி விற்காமல் தேங்கிப்போனது நினைவிருக்கிறதா? 2021 மார்ச்சில் 2.8 டன் கையிருப்பு. பசுக்களிடம் போய்ப் பாலைக் குறைத்துக்கொள் என்று சொல்ல முடியாதே. இணையத்தில் விற்பனைக்கு வைத்தார்கள், சட்டென்று விற்றுத் தீர்ந்தது. சிஸ்டர்சியன் சபை பிறந்த தாய்மடம் அது.

#22 பனிக்கூரை

எங்கள் மடத்தில் மெழுகுவர்த்திப் பட்டறை. கோவில்கள் மூடியிருந்தால் மெழுகுவர்த்தி யாருக்கு வேண்டும்? பணக் கணக்கு என் கண்ணுக்கு எட்டாது, அதனால் விடுகிறேன்.

வாசலை அடைத்ததைத்தான் வாயிற்காப்பாளர் தாங்கவில்லை. வருகிற விருந்தினர் எவரையும் கிறிஸ்துவாக ஏற்க வேண்டும் என்பது 53ஆம் அதிகாரம். அவர் முப்பது வருஷமாகத் திறந்த கதவில் "தொற்று காரணமாக அனுமதி இல்லை" என்ற தாளைத் தன் கையால் ஒட்டினார். இரண்டே நாளில் பக்கத்துச் சாளரத்தைத் திறந்துவைத்து, பசியோடு வருபவர்களுக்கு அதன் வழியாகப் பொட்டலம் கொடுக்கத் தொடங்கினார். தாள் கதவில்தானே இருக்கிறது, சாளரத்தில் இல்லையே என்றார்.

தொலைபேசியும் அவர் பொறுப்பு. அந்தக் குளிர்காலத்தில் அது ஓயவே இல்லை. அழைத்தவர்களில் பாதிப் பேர் கேட்டது, "நீங்களெல்லாம் உள்ளேயே எப்படி இருக்கிறீர்கள், எங்களுக்கு ஏதாவது வழி சொல்லுங்கள்" என்பதுதான். "எங்களுக்கும் தெரியவில்லை அம்மா, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்று அவர் பதில் கேள்வி கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

#23 சந்தேகப்பிராணி

சலிப்பு வரவில்லையா? யாரும் விதியை மீறவில்லையா? எல்லாரும் புனிதர்களாகவே இருந்தால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

#24 பனிக்கூரை

மீறினார்கள். இரண்டு பேர் ஜனவரி முழுக்க இரவில் கொதிகலன் அறையில் சதுரங்கம் ஆடினார்கள். கட்டடத்திலேயே சூடான இடம் அது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் மூன்றாவது ஆள்.

சலிப்பு பெரும்பாலும் இளையவர்களுக்குத்தான். பிப்ரவரி மோசம். நோய் அடங்கிவிட்டது, தடுப்பூசி முதியவர்களுக்குப் போட்டாயிற்று, ஆனால் ஒன்றும் மாறவில்லை, வெளியே அதே சாம்பல் நிற வானம். நவதுறவி, அதாவது இன்னும் பயிற்சியில் இருக்கும் துறவி, ஒருவர் நாளெல்லாம் சன்னல் பக்கமே நிற்பார். 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் இதை அப்படியே எழுதிவைத்திருக்கிறார். நண்பகல் பேய் என்று பெயர். அது பிடித்தவனுக்குச் சூரியன் நகராது, ஒரு நாள் ஐம்பது மணி நேரம் போலிருக்கும், சன்னலையே பார்ப்பான், யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பான், இருக்கும் இடத்தின்மேல் வெறுப்பு வரும். இந்தப் பகுதியை மடத்தலைவர் உணவறையில் வாசிக்க வைத்தார். சன்னல் பக்கம் நிற்கும் நவதுறவிதான் அந்த வாரம் வாசிப்பவர். வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 17 சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள், நெற்றியில் சாம்பல் பூசும் நாள். நெற்றியைத் தொடாமல், முகக்கவசத்தோடு, எல்லாருக்குமாக ஒரே முறை வசனத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் தலையில் சாம்பலைத் தூவ வேண்டும் என்று வத்திக்கானிலிருந்து ஜனவரியிலேயே குறிப்பு வந்திருந்தது. மேற்கு வாசல் திறந்திருந்ததா, தூவியதில் பாதி காற்றோடு போய்விட்டது.

#25 வாய்ப்பாடு

மறுபடி எல்லாரும் சேர்ந்து பாடியது எப்போது? நீங்கள் இருந்தீர்களா?

#26 பனிக்கூரை

இல்லை, நான் கிளம்பும்போது எட்டுப் பேர்வரை வந்திருந்தது. முழுக் குழுவும் பாடியது கோடையில். பாடல் தலைவர் கடிதத்தில் எழுதியிருந்தார். பல மாதம் பாடாத தொண்டைகள், மூன்றாவது திருப்பாடலுக்குள் சுருதி அரை படி இறங்கிவிட்டதாம். அவர் காலத்தில் கேட்டதிலேயே மோசமான மாலைப் புகழ் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

#27 இரவுப்பணி

அந்த 88 வயதுப் பெரியவர்?

#28 பனிக்கூரை

போன வருஷம் பார்க்கப் போனேன். இருக்கிறார். என்னைத் தெரியவில்லை. முதல் மணிக்கு எல்லாருக்கும் முன்னால் தன் இடத்தில் நிற்கிறார். முகக்கவசம் மட்டும் இன்னும் தாடையில் தொங்குகிறது. அங்கியோடு அதையும் தினம் காலையில் தவறாமல் மாட்டிக்கொள்கிறாராம். சபை உடுப்பு என்று நினைக்கிறார் போலிருக்கிறது. சலவைக்கு வரும்போது அதிலும் அவருடைய எண்ணைத் தைத்துத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள்.